விருந்தாளிக்குச் சர்க்கரை இருந்தால்? - ஒரு சாப்பாட்டுத் தட்டின் வரலாறு

விருந்தாளி வருகிறார் என்றால் முன்பெல்லாம் நம் வீட்டு அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அவங்க சைவமா, அசைவமா?" இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "அவங்களுக்கு சுகர் இருக்கா?"

கேட்பதில் தப்பே இல்லை நண்பர்களே. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய மிகப் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023ல் வெளியானது. அதன்படி நம் நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இவர்களில் யாராவது ஒருவர் வராத வீடு தமிழ்நாட்டில் இருக்குமா என்ன?

"ஆமாம், இருக்கு" என்று பதில் வந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். சில வீடுகளில் "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று இலையில் ஜாங்கிரி விழும். வேறு சில வீடுகளில் எல்லோரும் பிரியாணி சாப்பிட, அவருக்கு மட்டும் ஓரமாக இரண்டு வறண்ட சப்பாத்தி. இரண்டுமே நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் முதலாவது உடம்பைக் கெடுக்கிறது, இரண்டாவது மனதைக் கெடுக்கிறது. இந்த இரண்டு பழக்கமும் எங்கிருந்து வந்தன என்று தேடினால் 200 வருஷத்துக்கும் மேலான ஒரு கதை கிடைக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கடைசியில் சமையல் குறிப்பும் உண்டு, பயப்படாதீர்கள் :-)

எறும்பு கண்டுபிடித்த நோய்

நோய் பழையது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதையும் அது தேன் மாதிரி இனிப்பதையும் நம் பழைய ஆயுர்வேத நூல்கள் கவனித்திருக்கின்றன. மதுமேகம் என்ற பெயரே அப்படி வந்ததுதான். மது என்றால் தேன். இந்த நோய்க்காரர்களுக்குப் பார்லி, அதாவது வாற்கோதுமை நல்லது என்று சரக சம்ஹிதை சொல்கிறது. ஆக, "சாப்பாட்டை மாற்று" என்ற யோசனையும் நோயைப் போலவே பழையதுதான்.

ஐரோப்பாவில் இந்த இனிப்பைப் பற்றி விளக்கமாக எழுதியவர் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர். 17ஆம் நூற்றாண்டு. இனிப்பை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள், அந்தக் கால மருத்துவர்கள் பாவம்! 1776ல் மேத்யூ டாப்சன் என்பவர் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் தங்கியது சர்க்கரைதான் என்று காட்டினார்.

உடம்பிலிருந்து சர்க்கரை வெளியே போகிறது என்றால், சர்க்கரையாக மாறும் உணவை உள்ளே அனுப்பாமல் இருந்தால் என்ன? இந்தக் கேள்வியில்தான் பத்தியத்தின் நவீன வரலாறு தொடங்குகிறது.

கெட்டுப்போன கறியும் ரத்தப் பொரியலும்

1797. ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் தன் நோயாளியான கேப்டன் மெரிடித் என்பவரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். மெரிடித்துக்குக் கொடுத்த சாப்பாட்டைக் கேளுங்கள். காலையில் பாலும் சுண்ணாம்புத் தண்ணீரும், கொஞ்சம் ரொட்டியும் வெண்ணெயும். மதியம் ரத்தமும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டம், நம்மூர் ஆட்டு ரத்தப் பொரியல் மாதிரி. இரவில் நாள்பட்ட, கொஞ்சம் கெட்டுப்போன இறைச்சியும் சிக்கெடுத்த பன்றிக் கொழுப்பும்.

மெரிடித் நன்றாகத் தேறினார். பருமனான மனிதர், பெரியவரான பிறகு நோய் வந்தவர். நாம் இன்று இரண்டாம் வகை என்று சொல்வது அவருக்கு இருந்திருக்க வேண்டும். மாவுச்சத்து குறைந்தது, எடையும் குறைந்தது, சர்க்கரையும் குறைந்தது. அன்றிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பிய மருத்துவத்தில் "மாவு வேண்டாம், கறி சாப்பிடு" என்பதுதான் அடிப்படை விதி. இந்தச் சாப்பாட்டை ஒருவரால் எத்தனை நாள் சாப்பிட முடியும் என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. பல நோயாளிகள் திருட்டுத்தனமாக ரொட்டி சாப்பிட்டார்கள். சில மருத்துவர்கள் அவர்களை அறையில் பூட்டியே வைத்தார்கள். இத்தாலியில் கான்டானியும் ஜெர்மனியில் நானினும் இதற்குப் பேர் போனவர்கள்.

பாரிஸில் பசி சொன்ன பாடம்

பூட்டுப் போடாமல் யோசித்த ஒருவர் பிரான்ஸில் இருந்தார். பெயர் அப்போலினேர் பூஷார்தா. நோயாளிக்கு ரொட்டி இல்லாமல் முடியவில்லை, சரி, மாவுச்சத்தைக் கழுவி எடுத்துவிட்டுப் புரதம் மட்டும் மிஞ்சும் பசையில் ரொட்டி சுடலாமே என்று அவருக்குத் தோன்றியது. இன்று கடைகளில் விற்கும் "டயாபெடிக் பிஸ்கட்"டின் கொள்ளுத்தாத்தா என்று அந்த ரொட்டியைச் சொல்லலாம். கூடவே பச்சைக் காய்கறி சாப்பிடு, உடம்பை அசை என்றும் சொன்னார்.

1870-71ல் ஜெர்மன் படைகள் பாரிஸைச் சுற்றி வளைத்தன. நகரத்துக்குள் உணவு வருவது நின்றது. அப்போது பூஷார்தா ஒன்றைக் கவனித்தார். ஊரே பட்டினி கிடந்த நேரத்தில் அவருடைய சில நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போயிருந்தது. முடிந்தவரை குறைவாகச் சாப்பிடுங்கள் என்பது அவருடைய முக்கிய அறிவுரை ஆனது. எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதும் சேர்ந்துகொண்டது.

சோறே மருந்தா?

நம் ஊர்க்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படும் செய்தி ஒன்று. 1868ல் ஃபான் டூரிங் என்ற ஜெர்மன் மருத்துவர் சர்க்கரை நோய்க்கு அரிசிச் சோற்றையே மருந்தாகச் சொன்னார். பிறகு 1871ல் டான்கின் என்பவரின் ஆடை நீக்கிய பால் வைத்தியம். 1900களின் தொடக்கத்தில் ஃபான் நோர்டனின் ஓட்ஸ் வைத்தியம், மோசே என்பவரின் உருளைக்கிழங்கு வைத்தியம். ஒவ்வொன்றும் சிலருக்குப் பலன் தந்தது!

எப்படி? ஒரே பண்டத்தை வேளாவேளைக்குக் கொடுத்தால் யாராக இருந்தாலும் இரண்டாம் நாளே திகட்டிவிடும். மொத்தச் சாப்பாடு தானாகக் குறையும். பலன் கொடுத்ததில் பெரும்பங்கு இதற்குத்தான் இருந்திருக்க வேண்டும், ஓட்ஸுக்கோ கிழங்குக்கோ அல்ல. இன்றும் "இந்த ஒரு தானியம் சாப்பிட்டால் சர்க்கரை ஓடிப்போகும்" என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டி கேக்

இப்போது சொல்லப் போவது இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்த பகுதி.

1910களில் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் பட்டினி வைத்தியத்தை முறையாகச் செய்யத் தொடங்கினார். குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகையில் அன்று வேறு வழியே கிடையாது. சாப்பிட்டால் சில மாதங்களில் மரணம். பட்டினி கிடந்தால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைக்கும். காய்கறியைக்கூட மூன்று முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைக் கொடுப்பார்கள். ஆலனின் நோயாளியான பார்வையற்ற ஒரு சிறுவனின் சிறுநீரில் சர்க்கரை குறையவே இல்லை. எங்கிருந்து சாப்பிடுகிறான் என்று தேடியபோது பற்பசையையும், கூண்டுப் பறவைக்கு வைத்திருந்த தானியத்தையும் தின்றிருக்கிறான் என்று தெரிந்தது.

ஆலனிடம் வந்த இன்னொரு குழந்தை எலிசபெத் ஹியூஸ். அப்பா சார்லஸ் ஹியூஸ் பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆனவர். 1919ல் அந்தப் பெண்ணுக்கு 11 வயதில் நோய் வந்தது. அவளுடைய பிறந்தநாளுக்கு கேக் கிடையாது. தொப்பி வைக்கும் அட்டைப்பெட்டிக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதம் ஒட்டி, அதன் மேல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். வெளியே சுற்றுலா போனால் மற்றவர்கள் மீனும் சோளமும் தர்பூசணியும் சாப்பிட, அவள் தன் சின்ன வாணலியில் தனக்கு மட்டும் ஆம்லெட் போட்டுக்கொள்வாள்.

அந்த அட்டைப்பெட்டி கேக்கைச் செய்தவர்கள் அவள் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு அன்று வேறு வழி இல்லை. ஓரமாக இரண்டு சப்பாத்தி வைக்கும் நமக்கு?

டொரன்டோ, 1922

1921ல் கனடாவின் டொரன்டோவில் பான்டிங், பெஸ்ட் இருவரும் மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். கோலிப் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரி 11ஆம் தேதி லெனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. அது சரியாக வேலை செய்யவில்லை. ஜனவரி 23 முதல் போட்ட, மேலும் தூய்மையான மருந்து வேலை செய்தது. அதே வருஷம் ஆகஸ்டில் எலிசபெத்தும் டொரன்டோ போனாள். 15 வயதில் எடை சுமார் 20 கிலோ. இன்சுலின் போட்ட சில வாரங்களிலேயே ரொட்டி, உருளைக்கிழங்கு என்று சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பினாள்.

இத்தோடு பத்தியம் ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். தராசு வைத்து எடை போட்டுச் சாப்பிடும் பழக்கம் பல வருஷம் தொடர்ந்தது. இன்சுலினோடு புது ஆபத்தும் ஒன்று வந்தது. ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் ரத்தச் சர்க்கரை தாறுமாறாகக் கீழே இறங்கும். அதுவரை "சாப்பிடாதே" என்ற நோய், இப்போது "நேரத்துக்குச் சாப்பிடு" என்றும் சொன்னது. நம் கல்யாண வீடுகள் இன்னும் கற்றுக்கொள்ளாத பாடம் இது. பின்னால் வருகிறேன்.

1950ல் அமெரிக்காவில் மாற்று உணவுப் பட்டியல் வந்தது. உணவுகளை ஆறு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குள் ஒன்றுக்கு பதில் இன்னொன்று சாப்பிடலாம் என்றார்கள். ஒரு துண்டு ரொட்டி வேண்டாமா, அதற்கு ஈடான அளவு உருளைக்கிழங்கு எடுத்துக்கொள். நோயாளிக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொஞ்சம் கிடைத்தது.

பொய் இனிப்பு

இதற்கு நடுவில் இன்னொரு கதை. 1879ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் இராத்திரி சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. ஆய்வுக்கூடத்தில் கையில் ஒட்டியிருந்த பொருளின் வேலை அது. அதுதான் சாக்கரின். பிறகு சைக்ளமேட், அஸ்பார்டேம் என்று வரிசையாக வந்தன. சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்று தனி பிஸ்கட், தனி சாக்லேட், தனி ஜாம் என்று ஒரு வியாபாரமே வளர்ந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இனிப்பு பொய்யாக இருக்கலாம், பிஸ்கட்டின் மைதாவும் நெய்யும் நிஜம். ஜெர்மனியில் இப்படி "சர்க்கரை நோயாளிகளுக்கானது" என்று அச்சிட்டு விற்பதற்கான விதியை 2010ல் நீக்கினார்கள். 2012க்குப் பிறகு அப்படி எழுதி விற்க முடியாது. தனி உணவு தேவையில்லை, எல்லோருக்கும் நல்ல உணவே இவர்களுக்கும் நல்லது என்பதுதான் காரணம்.

ராயபுரத்திலிருந்து ஒரு பதில்

நம்ம ஊருக்கு வருவோம். மேல்நாட்டுப் பத்தியப் புத்தகத்தை அப்படியே மொழிபெயர்த்தால் சோறு சாப்பிடும் ஒரு சாதாரணக் குடும்பம் என்ன செய்யும்? கறியும் வெண்ணெயும் தினமும் வாங்க யாரிடம் காசு?

இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டிய பெயர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1948ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர். 1954ல் ராயபுரத்தில் இதற்கென்றே மருத்துவமனை ஆரம்பித்தார். மாவுச்சத்தைப் பார்த்து பயப்படாமல், நார்ச்சத்தும் பருப்பும் காயும் நிறைய சேர்த்து, மொத்தக் கலோரியை மட்டும் அளவோடு வைக்கும் உணவு முறையை அவர் முன்வைத்தார். நம் சமையலறையில் ஏற்கெனவே இருந்த சாமான்களை வைத்தே எழுதப்பட்ட பத்தியம் அது.

1981ல் டொரன்டோவிலிருந்து மறுபடி ஒரு செய்தி வந்தது. டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 62 உணவுகளைக் கொடுத்து, எது ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளந்தார்கள். கிளைசீமிக் இண்டெக்ஸ் என்ற சொல் அப்படித்தான் பிறந்தது. அந்த வரிசையில் அடியில், அதாவது நல்ல பக்கத்தில் இருந்தவை பருப்பு, பயறு வகைகள். நம் பாட்டிகளின் சுண்டலுக்கு டொரன்டோ கொடுத்த சான்றிதழ்!

1994ல் அமெரிக்க நீரிழிவு சங்கமும் வெள்ளைச் சர்க்கரை மீதிருந்த முழுத் தடையை நீக்கியது. கொஞ்சம் சர்க்கரை சாப்பிட்டால், அதற்கு ஈடாக மற்ற மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். தின்னத் தின்னத் தின்னலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பார்க்க வேண்டியது மொத்தக் கணக்கை.

சரி, வீட்டில் என்ன செய்வது?

நான் மருத்துவன் இல்லை, வரலாறு படிக்கும் மாணவன். மேலே சொன்ன கதையிலிருந்து கிடைப்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. எல்லோருக்கும் ஒரே சமையல். அவருக்கு மட்டும் தனி என்று வைக்காதீர்கள். பொதுச் சாப்பாட்டையே அவருக்கும் ஒத்துப்போகிற மாதிரி செய்துவிடுங்கள். நிறைய காய், கீரை, பருப்பு, மீன் குழம்போ முட்டையோ, அளவாகச் சோறு. இது யாருக்குத்தான் ஆகாது?

2. பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். நம் இலையில் முதலில் விழுவது இனிப்பு. 2015ல் நியூயார்க்கில் 11 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், காயும் கறியும் முதலில், ரொட்டி கடைசியில் என்று அதே சாப்பாட்டைக் கொடுத்தபோது சர்க்கரை ஏற்றம் நன்றாகக் குறைந்தது. ஆகவே முதலில் பொரியல், கூட்டு, கோசம்பரி. பிறகு சோறு.

3. காலை, இரவுக்கு அடை அல்லது பெசரட்டு. அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி அரைத்தால் போதும். முருங்கைக்கீரை சேர்த்தால் இன்னும் நல்லது. சட்டினிக்குத் தேங்காயோடு கொத்தமல்லி, புதினா.

4. மாலைக்குச் சுண்டல். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, காராமணி, எது இருந்தாலும் சரி. காலையிலேயே ஊறப்போட்டுவிட்டால் பத்து நிமிஷ வேலை. திடீரென்று வந்துவிட்டாரா? வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெள்ளரிக்காயில் கொஞ்சம் மிளகுத்தூள், அவித்த முட்டை. பக்கத்துக் கடையில் எல்லாம் கிடைக்கும்.

5. குடிக்க நீர்மோர், அல்லது சர்க்கரை போடாத காபி, டீ. சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் வேண்டியவர் போட்டுக்கொள்வார், யாரும் யாரையும் கேட்க வேண்டாம். பழச்சாற்றுக்கு பதில் முழுப் பழமாக, ஒரு கொய்யா கொடுங்கள்.

6. வெல்லம், கருப்பட்டி, தேன் "நல்ல சர்க்கரை" என்று நினைத்துப் பாயசம் வைக்காதீர்கள். ரத்தத்தில் எல்லாம் சர்க்கரைதான். கேழ்வரகையும் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரை வேகமாகவே ஏறும். சப்பாத்தியும் மந்திரம் இல்லை. கோதுமையிலும் மாவுச்சத்து அரிசிக்குக் கிட்டத்தட்ட இருக்கிறது. சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடலாம், சோற்றை எண்ண முடியாது. அதன் பெரிய நன்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

7. மிக முக்கியமானது நேரம். ஊசி போடுகிறவர், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர் காத்திருக்கக் கூடாது. "எல்லோரும் வரட்டும்" என்று மூன்று மணி வரை உட்கார வைப்பது ஜாங்கிரியைவிட ஆபத்து. அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் அது சர்க்கரை இறங்கியதற்கான அறிகுறியாக இருக்கலாம். உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் 3 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் பார்த்துவிட்டுத் தேவையானால் மறுபடி கொடுங்கள். மயங்கிவிட்டார் என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

8. கேளுங்கள், ஆனால் தனியாகக் கேளுங்கள். சிலருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருக்கும், பருப்பும் இளநீரும்கூட அவர்களுக்கு அளவுதான். எது ஒத்துக்கொள்ளும் என்று அவருக்குத்தான் தெரியும். அதைப் பந்தியில் எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்க வேண்டாம்.

கடைசிக் குறிப்பை எழுதக் காரணமும் எலிசபெத்தான். அவர் இன்சுலினோடு இன்னும் 58 வருஷம் வாழ்ந்தார். கல்யாணம் ஆனது, குழந்தைகள் பிறந்தார்கள், 1981ல்தான் இறந்தார். இத்தனை வருஷமும் தனக்கு இந்த நோய் இருப்பதை வெளியே யாருக்கும் தெரியாமல் மறைத்தே வைத்திருந்தார். எத்தனை விருந்துக்குப் போயிருப்பார்! பரிமாறியவர்களுக்குத் தெரியவே தெரியாது.

தனித் தட்டில் சாப்பிட்ட சிறுமி, பெரியவளானதும் எல்லோருக்கும் வைத்த தட்டிலேயே சாப்பிட ஆசைப்பட்டிருக்கிறாள். அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டுக்கு வருகிறவர்களும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நண்பர்கள் வீட்டில் ஒரு முறை பொரியலை முதலில் பரிமாறச் சொல்லிப் பாருங்கள். அம்மா திட்டினால் நியூயார்க் ஆய்வைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.